பார்க்காமல் இடும் கையெழுத்து



பரங்கிமலை தொடங்கிப் பல்லாவரம், பொழிச்சலூர், அனகாபுத்தூர், குரோம்பேட்டை, தாம்பரம் வரை வாழும் நம் குடும்பங்களுக்கு விமானம் ஒரு புதுமைப் பொருளன்று. மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ்ந்து வரும் விமானத்தின் ஓசையில் வீட்டுப் பேச்சு ஒரு கணம் நிற்கும். ஓசை கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அவ்விமானங்களில்தான் நம் பிள்ளைகள் பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். அவற்றில்தான் நம் பெற்றோர் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படுகின்றனர். வழியனுப்பும்போது கண்கள் கலங்குகின்றன. உள்ளம் துஆச் செய்கிறது. விமானம் நலமாக இறங்கிய செய்தி வந்ததும் விமானியைப் பாராட்டுகிறோம்.

ஆனால், அதே விமானத்தின் அடியில் நள்ளிரவில் குனிந்து நின்று, விளக்கை ஏந்திச் சக்கரத்தைச் சோதித்து, பதிவேட்டில் ஒரு கையெழுத்தை இட்டுவிட்டுச் சென்ற மனிதர் நம் நினைவுக்கு வருவதேயில்லை. ‘இவ்விமானம் பறக்கத் தகுதியுடையது’ என்பதே அக்கையெழுத்தின் பொருள். அதை நம்பியே விமானி இருக்கையில் அமர்கிறார். அதை நம்பியே நாமும் அமர்கிறோம். இம்மாதம் அக்கையெழுத்தைப் பற்றியே சிந்திப்போம்.

தாம்பரத்தின் மற்றொரு முகம்

தாம்பரம் விமானப் படைத் தளத்தை விமானிகளின் இடமாகவே பலரும் அறிவர். விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்றுநர் பள்ளி 1954இல் அம்பாலாவிலிருந்து இங்கு மாற்றப்பட்டது. அதே தளத்தில் விமானப் படையின் இயந்திரப் பயிற்சி நிலையமும் இருக்கிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வரும் இளைஞர்கள் விமானத்தைப் பழுது பார்க்கவும் பேணவும் இங்கே கற்கின்றனர். பறப்பதற்குக் கற்பிப்பதும், பறக்கும் பொறியைப் பாதுகாக்கக் கற்பிப்பதும் நம் தாம்பரத்தில் அருகருகே நடைபெறுகின்றன.

சற்றுத் தொலைவில், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயின்றவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். படிப்பு முடிந்ததும் பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்த அவர், விமான இயந்திரங்களைப் பிரித்துப் பழுது நீக்கி மீண்டும் பூட்டும் குழுவில் பணியாற்றினார். ராக்கெட்டும் குடியரசுத் தலைவர் மாளிகையும் பின்னர் வந்தவை. எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு செய்யும் வேலையை இழிவாக எண்ணும் நம் வீட்டார் சிலர் இதனை நினைவிற் கொள்வது நலம்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். விபத்துகள் எல்லாமே பராமரிப்புக் குறைவால் நேர்பவை அல்ல. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப் படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், நம் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் எடுத்த படங்களின் வாயிலாக, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் அடையாளம் காணப்பட்டன. 2025 நவம்பர் 14 அன்று பிலாட்டஸ் பயிற்சி விமானம் ஒன்று திருப்போரூர் அருகே விழுந்தது. விமானி பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார். இத்தகைய நிகழ்ச்சிகளில் காரணத்தை ஊகித்துத் திண்ணையில் தீர்ப்பு வழங்குவது நமக்கு அழகன்று. காரணம் ஆராயப்பட்டு, அறிக்கையாக எழுதப்பட்ட நிகழ்ச்சிகளிலிருந்து பாடம் கற்பதே முறை.

பார்த்த கண் ஒன்று

முதலில், நலமாக முடிந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். கொரோனா இரண்டாம் அலை நாட்டை வாட்டிக் கொண்டிருந்த 2021 மே 6 அன்று, நோயாளி ஒருவரை ஏற்றிக் கொண்டு நாக்பூரிலிருந்து சிறிய ஆம்புலன்ஸ் விமானம் ஒன்று புறப்பட்டது. இரட்டை இயந்திரம் கொண்ட கிங் ஏர் சி-90 வகை விமானம் அது. இரு விமானிகள், மருத்துவர், நோயாளி, உறவினர் என ஐந்தே பேர். ஓடுபாதையை விட்டு எழும்போது அதன் சக்கரம் ஒன்று கழன்று விழுந்தது.

அதனைத் தரையில் காவலில் நின்ற மத்தியப் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் கண்டார். கண்டதை உடனே தெரிவித்தார். செய்தி விமானிக்கு எட்டியது. விமானம் மும்பைக்குத் திருப்பப்பட்டது. அங்கே ஓடுபாதையில் நுரை பரப்பி, தீயணைப்பு வண்டிகளை அணிவகுத்து நிறுத்தி வைத்திருந்தனர். விமானி மற்றச் சக்கரங்களையும் வெளியே இறக்காமல், விமானத்தை வயிற்றின் மீதே தரையில் உரசி நிறுத்தினார். ஐவரும் உயிருடன் இறங்கினர்.

விமானியின் திறமை பெரிது. ஆனால் அந்தக் காவலர், ‘சக்கரம் என் துறையன்று, எனக்கென்ன?’ என்று வாளாவிருந்திருந்தால்? ஒரு சக்கரம் இல்லை என்பதை அறியாமல், வழக்கம் போல் இறங்க முயன்றிருப்பார் விமானி. பார்ப்பதும், பார்த்ததைச் சொல்வதும் எத்தனை உயிர்களைக் காக்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

எழுதப்படாத குறை

நலமாக முடியாத நிகழ்ச்சிகளும் உண்டு. 2020 ஆகஸ்ட் 7 இரவு, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டில் இறங்கியது. கொரோனா காலத்தில் வேலையிழந்தோரும், குடும்பத்தைப் பிரிந்து தவித்தோரும் தாயகம் திரும்பிய விமானம் அது. கடும் மழை, மலை மேட்டின் உச்சியைச் சமன்செய்து அமைத்த ஓடுபாதை, பின்னாலிருந்து தள்ளும் காற்று. முதல் முயற்சியைக் கைவிட்ட விமானம், இரண்டாம் முறை ஓடுபாதையின் பாதியைக் கடந்த பிறகே தரையைத் தொட்டது. நிற்க இடமின்றி மேட்டின் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்து உடைந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் மாண்டனர். கொண்டோட்டிப் பகுதி மக்கள் நோய்த் தொற்றின் அச்சத்தையும் மழையையும் பொருட்படுத்தாமல் ஓடி வந்து, காயமுற்றோரைத் தம் சொந்த வாகனங்களில் மருத்துவமனைகளுக்கு ஏற்றிச் சென்றதும், நள்ளிரவில் இரத்த தானத்திற்காக வரிசையில் நின்றதும் மறக்கவியலாதவை.

2021இல் வெளியான விசாரணை அறிக்கை, முறைப்படி இறங்கும் நிலையில் விமானம் இல்லாதபோதும் இறங்குவதைத் தொடர்ந்ததே முதன்மைக் காரணம் என்றது. அதனோடு, விமானி பக்கத்துக் கண்ணாடியின் வைப்பர் சரிவர இயங்காமையையும் அறிக்கை எடுத்துரைத்தது. முதல் முயற்சியின்போது அது சிறிது நேரம் ஓடி நின்றுவிட்டது. விமானத்தின் குறைகளைப் பதிவேட்டில் முறையாக எழுதி வைக்கும் வழக்கம் தளர்ந்திருந்ததையும் அறிக்கை குறை கூறியது.

வைப்பர் என்பது பேருந்திலும் காரிலும் நாம் நாள்தோறும் காணும் எளிய பொருள். வெயில் நாளில் அது இயங்காவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. கொட்டும் மழையில், ஓடுபாதையின் விளக்குகளைத் தேடும் அந்தச் சில விநாடிகளில்தான் அதன் அருமை புலப்படும். எழுதப்படாத குறை நீங்கிய குறையன்று, காத்திருக்கும் குறை.

ஜித்தாவில் நேர்ந்த பெருந்துயர்

இனி நான் கூறப் போவது, ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய இறையடியார்களின் கதை. 1991 ஜூலை 11 காலை, நைஜீரியாவின் சொகோட்டோ நகரைச் சேர வேண்டிய 247 ஹாஜிகள் ஜித்தா விமான நிலையத்தில் விமானம் ஏறினர். வணக்கங்களை நிறைவேற்றிய மன அமைதியோடு, தம் மக்களைக் காணும் ஆவலோடு அவர்கள் ஏறியிருப்பர். நைஜீரியா ஏர்வேஸ் நிறுவனத்தின் பெயரில் இயங்கிய அவ்விமானம், உண்மையில் கனடாவின் நேஷன்ஏர் நிறுவனத்திடமிருந்து ஊழியர்களோடு வாடகைக்குப் பெறப்பட்ட டி.சி.-8 விமானம். ஊழியர் 14 பேர்.

பெரிய விமானத்தின் சக்கரங்களைப் பற்றி இங்கே சிறிது அறிந்து கொள்ள வேண்டும். நம் காரின் டயரில் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 30 பவுண்டு அழுத்தம் இருக்கும். பெரிய விமானத்தின் டயரில் அது 200 பவுண்டை ஒட்டி இருக்கும். சாதாரணக் காற்றை அடைப்பதில்லை; நைட்ரஜன் வாயுவையே அடைப்பர். காற்றிலுள்ள ஆக்சிஜன் தீயை வளர்க்கும். ஈரப்பசை உயரத்தின் குளிரில் உறையும். நைட்ரஜனில் இவ்விரு தொல்லைகளும் இல்லை. ஓர் அச்சில் இரு டயர்கள் இணைந்து பாரத்தைத் தாங்குகின்றன. ஒன்றில் அழுத்தம் குறைந்தால் அதன் பங்குப் பாரமும் அடுத்ததன் மேல் ஏறும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். அளவுமானியை வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

அவ்விமானத்தின் டயர்களில் அழுத்தம் குறைந்திருந்தது விபத்திற்குச் சில நாட்களுக்கு முன்பே பராமரிப்புப் பணியாளருக்குத் தெரிந்திருந்தது. நைட்ரஜன் உடனே கிடைக்கவில்லை. பயணத் திட்டமோ ஏற்கெனவே தாமதப்பட்டிருந்தது. இன்னும் தாமதிக்க இயலாது என்று நிர்வாகத் தரப்பில் நெருக்கடி. டயர்கள் அப்படியே விடப்பட்டன. பதிவேட்டில் எழுதப்பட்ட அழுத்த அளவுகளோ, குறை இல்லாதது போல் காட்டும் வண்ணம் மாற்றப்பட்டிருந்தன என்று பிற்பாடு விசாரணையில் தெரிய வந்தது.

ஜித்தாவின் ஜூலை வெப்பத்தில் முழுப் பாரத்தோடு விமானம் ஓடத் தொடங்கியது. பாரம் மிகுதியாக ஏறிய டயர் முதலில் சிதைந்தது; அழுத்தம் குறைந்திருந்த பக்கத்து டயரும் உடனே சிதைந்தது. சக்கரம் சுழலாமல் தரையில் தேய்ந்து தீப்பற்றியது. நடந்தது முழுவதும் விமானிகளுக்குப் புலப்படவில்லை. விமானம் எழுந்ததும், வழக்கப்படி சக்கரங்களை உள்ளே இழுத்துக் கொண்டனர். எரியும் ரப்பர் விமானத்தின் வயிற்றுக்குள் சென்றது. எந்தக் கதவு தீயை வெளியே நிறுத்தியிருக்க வேண்டுமோ, அக்கதவே தீயை உள்ளே வைத்து மூடியது.

தீ, கருவிகளை இயக்கும் குழாய்களையும் கம்பிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அழித்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதன போன்ற எச்சரிக்கைகள் வந்ததால் விமானிகள் குழம்பினர். அதே நேரத்தில் வேறொரு விமானமும் குறை தெரிவித்திருந்தமையால், தரைக் கட்டுப்பாட்டாளர் ஒன்றை மற்றொன்றாகக் கருதிய குழப்பமும் சேர்ந்தது. தீ பயணிகள் பகுதியின் தளத்தைத் துளைத்தது. மீண்டும் ஜித்தாவிலேயே இறங்க முயன்ற விமானம், ஓடுபாதையை அடைவதற்குச் சுமார் மூன்று கிலோமீட்டர் இருக்கையில் நொறுங்கி விழுந்தது. 261 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

டி.சி.-8 வகை விமானங்களின் வரலாற்றிலேயே அதிக உயிர்களைக் குடித்த விபத்து அது. இரண்டு டயர்களை நிரப்புவதற்குத் தேவையான நைட்ரஜனின் விலை எவ்வளவு? சில மணி நேரத் தாமதத்தின் விலைதான் எவ்வளவு? இரண்டு ஆண்டுகளுக்குள், 1993இல், நேஷன்ஏர் நிறுவனமே இல்லாமற்போயிற்று. மிச்சப்படுத்திய நேரமும் மிஞ்சவில்லை, நிறுவனமும் மிஞ்சவில்லை.

கத்ர் எனும் விதியில் நம்பிக்கை கொண்டவர்கள் நாம். மரணத்தின் நேரம் எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால், பொய்யான அளவை எழுதிய கை, ‘விதி’ என்று கூறித் தப்ப இயலாது. இறைவன் எழுதியது வேறு. அந்த மனிதன் பதிவேட்டில் எழுதியது வேறு.

நல்லவரும் தவறுவது எப்படி?

பொய் எழுதுவோர் மட்டுமே தீங்கு விளைப்பர் என்று எண்ணி நாம் அமைதி கொள்ள இயலாது. நேர்மையும் அனுபவமும் உள்ளவரும் அவசரத்தில் தவறுவதுண்டு.

1990 ஜூன் 10 அன்று, பிரிட்டனின் பர்மிங்ஹாம் நகரிலிருந்து 81 பயணிகளுடன் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 17,000 அடிக்கு மேல் ஏறியபோது, விமானி அறையின் முன்கண்ணாடி ஒன்று பிய்த்துக் கொண்டு பறந்தது. தலைமை விமானி இடுப்பளவு வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் அவருடைய கால்களை இறுகப் பற்றிக் கொள்ள, துணை விமானி சவுத்தாம்டனில் விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். தலைமை விமானியும் உயிர் பிழைத்தார். பின்னர் மீண்டும் பறக்கவும் செய்தார்.

காரணம் என்ன? அதற்குச் சற்று முன்னர் ஓர் இரவுப் பணியில் அக்கண்ணாடி புதிதாக மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிணைத்த 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் தேவையான அளவைவிடச் சற்றே மெலிந்தவை. எஞ்சிய ஆறும் நீளம் குறைந்தவை. மாற்றியவர் கைதேர்ந்த மேற்பார்வையாளர். ஆள் குறைவான இரவு. விடிவதற்கு முந்தைய நேரம். நூலில் உள்ள அளவைப் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டை வைத்து ஒப்பிட்டுப் புதியவற்றைத் தேர்ந்தெடுத்தார். சரியான அளவு வேறு என்று ஸ்டோரில் இருந்தவர் சொல்லியும் அவர் அதனை ஏற்கவில்லை. அவருக்குத் தீய எண்ணம் ஏதுமில்லை. தம் கண்ணின் மீதும் பழக்கத்தின் மீதும் நம்பிக்கை மிகுந்திருந்தது. மேலும், அவர் செய்த வேலையை இன்னொருவர் சோதித்துப் பார்க்க வேண்டுமென்ற விதியும் அவ்வேலைக்கு இருக்கவில்லை.

அமெரிக்காவில் 2003 ஜனவரி 8 அன்று, சார்லட் நகரில் 21 பேருடன் புறப்பட்ட சிறிய விமானம் ஒன்று எழுந்தவுடனே விழுந்து அனைவரும் மாண்டனர். விமானத்தின் மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும் கம்பிவடம் பராமரிப்பின்போது தவறாகப் பூட்டப்பட்டிருந்தது. வேலையைச் செய்தவர் அதை முதன்முறையாகக் கற்றுக் கொண்டிருந்தவர். அவருக்குக் கற்றுக் கொடுத்தவரும், முடிந்த வேலையைச் சோதிக்க வேண்டியவரும் ஒரே மனிதர். சில படிகளைத் தவிர்த்துவிடலாம் என்று ஒப்புக் கொண்டவரும் அவரே. தான் செய்ததைத் தானே சோதிப்பவன், தான் நினைத்ததையே காண்கிறான். அதனால்தான் விமானத் துறையில் உயிர்நாடியான வேலைகளைச் செய்பவர் ஒருவராகவும், தனியே சோதிப்பவர் மற்றொருவராகவும் இருக்க வேண்டுமென விதித்திருக்கின்றனர். இது எவரையும் ஐயுறுவதன்று. மனித இயல்பை அறிந்து செய்த ஏற்பாடு.

நம் தெருவுக்கு வந்த துயரம்

இவையெல்லாம் எங்கோ வானில் நடந்தவை என்று எண்ண வேண்டா. 2012 ஜூலை 25 அன்று, நம் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், இரண்டாம் வகுப்பில் பயின்ற சிறுமி ஒருத்தி பள்ளி முடிந்து பேருந்தில் வீடு திரும்பிக் கொண்டிருந்தாள். அப்பேருந்தின் தளத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியே விழுந்த அந்தப் பிஞ்சு, பின் சக்கரத்தில் சிக்கி உயிர் நீத்தது. கொதித்தெழுந்த மக்கள் பேருந்துக்குத் தீ வைத்தனர்.

அப்பேருந்து சாலையில் ஓடத் தகுதியுடையது என்ற சான்று விபத்துக்குச் சற்று முன்னர்தான் வழங்கப்பட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அவ்வாண்டிலேயே பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தமிழக அரசு சிறப்பு விதிகளை வகுத்தது. இன்று ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் முன் பேருந்துகளை மைதானத்தில் நிறுத்தித் தளம், அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைச் சோதிக்கும் காட்சியைக் காண்கிறோம். அந்தச் சோதனையின் பின்னே ஒரு சிறுமியின் உயிர் இருக்கிறது.

எரிந்த பேருந்தைச் சுற்றி நின்ற கூட்டத்தில் பாதிப் பேர், அதற்கு முந்தைய மாதம் தத்தம் பிள்ளைகள் ஏறும் வண்டிக்குள் ஒரு முறை தலையை நீட்டித் தளத்தைப் பார்த்திருந்தால்? சினம் எளிது, விபத்துக்குப் பின் எல்லோருக்கும் வரும். கவனமோ விபத்துக்கு முன் வர வேண்டும்.

இல்லத்தில் செய்யத் தக்கவை

தாய்மார்களே! உங்கள் பிள்ளை செல்லும் வேனின் தளத்தையும், கதவின் தாழ்ப்பாளையும், டயரின் தேய்மானத்தையும் மாதம் ஒரு முறை கண்ணால் பாருங்கள். தகுதிச் சான்றின் தேதியைக் கேளுங்கள், கேட்பது சண்டையன்று. சமையல் எரிவாயு சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். ஏ, பி, சி, டி என்பன ஆண்டின் நான்கு காலாண்டுகளைக் குறிக்கும். பி-27 என்றிருந்தால் 2027 ஜூன் முடிவதற்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குச் செல்ல வேண்டும் என்று பொருள். நாள் கடந்ததை வாங்காதீர்கள். அடுப்புக்குச் செல்லும் குழாயிலும் தேதி அச்சிடப்பட்டிருக்கும், அதனையும் பாருங்கள். அடுக்கு மாடியில் குடியிருப்போர், லிஃப்டைக் கடைசியாகப் பரிசோதித்தது எப்போது என்று சங்கக் கூட்டத்தில் ஒருமுறையேனும் கேளுங்கள்.

தொழில் நடத்தும் சகோதரர்களே! வேன், லாரி, ஒர்க்‌ஷாப், பயண நிறுவனம் என நம்மவர் பலர் நடத்துகின்றனர். ‘இந்த ஒரு நடை மட்டும் போய் வா, பிறகு பார்த்துக் கொள்ளலாம்’ என்ற சொல் நம் வாயிலிருந்து வரலாகாது. ஜித்தாவில் 261 பேரை மாய்த்தது டயர் மட்டுமன்று. அந்தச் சொல்லின் வேறொரு வடிவமே. குறை சொல்ல வந்த பணியாளை ஏசி அனுப்பும் முதலாளி, அடுத்த குறையைத் தாமாகவே தம் காதுக்கு எட்டாமல் செய்துவிடுகிறார். அமெரிக்காவில் 1976 முதல் நாசா நிறுவனம் ஓர் ஏற்பாட்டை நடத்தி வருகிறது. விமானிகளும் பராமரிப்புப் பணியாளர்களும் தாம் கண்ட குறைகளையும், தாமே செய்த தவறுகளையும்கூட அதற்கு எழுதலாம். எழுதியவர் பெயர் வெளியே வராது. தண்டிப்பதைவிட அறிந்து கொள்வது மேல் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கின்றனர்.

இறுதியாக, வளைகுடாவிலும் இங்கும் பணிபுரியும் நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். விமானம் மட்டுமன்று, லிஃப்ட், கிரேன், மின்சாரம், குளிர்சாதனம், தீயணைப்புக் கருவி எனப் பல துறைகளில் நம் பிள்ளைகள் பராமரிப்பு வேலையில் இருக்கின்றனர். ‘பார்த்தேன்’ என்று கையெழுத்திடுவது சாட்சியம் சொல்வதாகும். பார்க்காமல் அவ்வாறு எழுதுவது பொய்ச்சாட்சி. பெரும் பாவங்களுள் பொய்ச்சாட்சிக்கு நம் மார்க்கம் அளித்துள்ள இடத்தை நாம் அறிவோம். நீதிமன்றத்தில் மட்டுமே அது நிகழும் என்று எண்ணிக் கொண்டிருக்கிறோம். பதிவேட்டின் ஒரு கட்டத்திலும் நிகழும்.

கையெழுத்திட மறுப்பது எளிதன்று என்பதை யான் அறிவேன். விசா முதலாளியின் கையில் இருக்கிறது. ஊரில் கடன் இருக்கிறது. தங்கையின் நிக்காஹ் நெருங்குகிறது. மேலதிகாரி, ‘எல்லோரும் போடுகிறார்கள், நீயும் போடு’ என்கிறார். அந்நிலையில் இருக்கும் பிள்ளை தைரியசாலியாக இருக்க வேண்டுமென்று இங்கிருந்து உபதேசிப்பது நியாயமாகாது. ஆனால் ஒரு வழி உண்டு. மறுத்து வாதிட முடியாத இடத்திலும், ‘இன்ன பகுதி சோதிக்கப்படவில்லை’ என்ற ஒரு வரியைப் பதிவேட்டில் எழுதலாம். எழுதப்பட்ட குறையை அடுத்து வருபவர் காண்பார். அந்த ஒரு வரி ஜித்தாவின் பதிவேட்டில் அழியாமல் இருந்திருந்தால், ஹாஜிகள் சில மணி நேரம் தாமதமாகவேனும் தம் பிள்ளைகளைக் கண்டிருப்பர்.

அப்படி எழுதியதற்காக ஒருவனுடைய வேலை போகவும் கூடும். அப்போது அவன் முதலில் அழைப்பது ஊரிலுள்ள வீட்டைத்தான். ‘உனக்கு ஏன் இந்த வம்பு? மற்றவர்களைப் போல இருந்திருக்கக் கூடாதா?’ என்று நாம் கேட்டால், அடுத்த முறை அவன் பார்க்காமலேயே கையெழுத்திடுவான். அக்கையெழுத்தில் நம் பங்கும் சேரும். ‘ரிஸ்க் அளிப்பவன் இறைவன், நீ செய்தது சரி, வீட்டுக்கு வா’ என்று சொல்லும் தாயும் தந்தையும் மனைவியும் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குத்தான் நேர்மையாக எழுதும் துணிவு வரும்.

அமானிதத்தைக் காப்பவன் தனியே நின்று காப்பதில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு குடும்பம் நிற்க வேண்டும். அத்தகைய குடும்பங்களாக நம் இல்லங்களை ஆக்கிக் கொள்ள வல்ல இறைவன் துணை புரிவானாக!